மீட்டர் சொல்வதும் மனை கேட்பதும்

(நார்த்தாமலை அடிவாரத்தில், குடும்பத் திருப்பயணக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

மேலமலை ஏறி, விஜயாலய சோழீச்சரத்தையும் சமணர் குடகையும் கண்டு இறங்கிய களைப்பு இன்னும் நம் கால்களில் இருக்கிறது. குடைவரையின் உள்ளே இன்று திருமாலின் பன்னிரண்டு திருவுருவங்கள் நிற்கின்றன. ஆயினும் ஊரார் நாவில் அது இன்றும் சமணர் குடகுதான். நகரத்தார்மலை என்னும் பெயரே நார்த்தாமலை என மருவிற்று என்பர். வணிகக் குழுவினர் தழைத்திருந்த ஊர் இது. கணக்கு எழுதியவர்களின் ஊரில் கணக்கைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. நான் எடுத்துக்கொண்ட பொருள், நம் வீடுகளின் மின்சாரக் கணக்கு.

மலைச்சுனையிலிருந்து குடத்தில் நீர் சுமந்த காலத்தில், எவ்வளவு செலவாயிற்று என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இடுப்பும் தோளும் சொல்லின. அகல் விளக்கில் எண்ணெய் தாழ்வதைக் கண் கண்டது. மண்ணெண்ணெய்ப் புட்டியில் எஞ்சியிருப்பதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பாடம் படித்தனர். பொருள் தன் குறைவைத் தானே அறிவித்தது. மின்சாரம் அப்படியன்று. சுவரில் ஒரு பொத்தான், அழுத்தினால் வருகிறது. அதற்கு எடை இல்லை, நிறம் இல்லை, தீர்ந்துபோகும் ஓசையும் இல்லை. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை கணக்கீட்டாளர் வந்து வெள்ளை அட்டையில் ஓர் எண்ணை எழுதிச் செல்கிறார். அறுபது நாள்களின் செயல்களுக்கு ஒரே ஓர் எண்! அதில் மாமியாரின் மின்விசிறி எது, மகனின் கணினி எது, நிரம்பி வழிந்த மேல்தொட்டி எது என்று எவரால் பிரித்தறிய இயலும்?

இந்த இடைவெளிதான் சிக்கலின் வேர் என்பதை ஆய்வாளர்கள் பல நாடுகளில் கண்டிருக்கின்றனர். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா டார்பி 2006-இல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினார். செலவாகும்போதே அளவைக் காணும் வீடுகளில் 5 முதல் 15 விழுக்காடு வரை சேமிப்பு நேர்ந்தது. பின்னர் அனுப்பப்படும் கணக்கால் மட்டும் அறியும் வீடுகளில் 0 முதல் 10 விழுக்காடு வரைதான். சூழலியல் அறிஞர் டொனெல்லா மெடோஸ், தாம் கேட்டதாக ஒரு செய்தியை எழுதியிருக்கிறார். ஆம்ஸ்டர்டாம் அருகே ஒரே மாதிரியாகக் கட்டப்பட்ட வீடுகள். சிலவற்றில் மீட்டர் நிலவறையில், சிலவற்றில் முன்கூடத்தில். முன்கூடத்தில் மீட்டர் இருந்த வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு குறைவாகச் செலவாயிற்றாம். இது கேள்விச் செய்தியே, ஆய்வன்று. ஆனாலும் நம் அடுக்ககங்களில் மாடிப்படியின் கீழ்ப் பூட்டிய பெட்டிக்குள் மீட்டர்கள் வரிசையாக உறங்குவதைக் காணும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

நம் மரபுக்கு இந்த இடைவெளிச் சிக்கல் புதிதன்று. பிரதிக்கிரமணம் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் போதும் என்று நம் முன்னோர் விடவில்லை. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, பட்சத்திற்கு, நான்கு மாதத்திற்கு, ஆண்டிற்கு என வகுத்தனர். காலையில் செய்தது மாலையில் நினைவிருக்கும். அறுபது நாள் கழித்து இராது. அவ்வாறே, அருங்கலச்செப்பு நமக்குத் தமிழில் தந்த சிராவக ஒழுக்கத்தில் அனர்த்ததண்டம் விலக்கல் என ஒரு விரதம் உண்டு. பயனின்றி மண்ணை அகழ்தல், நீரைச் சிந்துதல், தீயை மூட்டுதல், காற்றை எழுப்புதல் ஆகியன அதில் விலக்கப்படுகின்றன. ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறியை இதற்குள் அடக்காமல் வேறெதில் அடக்குவது?

தமிழ்நாட்டில் மின்கணக்கு நமக்குச் சொல்லும் பாடம் சற்று விசித்திரமானது. 2016 மே மாதம் முதல் இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம். எளிய குடும்பங்களுக்கு இது பேருதவி. அதைக் குறை கூற மாட்டேன். ஆனால் அந்த வரம்பிற்குள் இருப்பவருக்கு அட்டை எதுவும் பேசுவதில்லை. மறுபுறம், 500 யூனிட் என்னும் படி இருக்கிறது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 500 யூனிட் செலவழித்த வீட்டிற்கு 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டால் 233 ரூபாய் கூடிற்று. விகிதங்கள் பின்னர் மாறின, படி மாறவில்லை. ஆகவே கணக்கெடுக்கும் நாள் நெருங்க நெருங்க, வீட்டுக்கு வீடு மீட்டரை எட்டிப் பார்க்கின்றனர். கடைசி வாரம் குளிர்சாதனம் ஓய்கிறது. கணக்கெடுத்த மறுநாள் மீண்டும் ஓடுகிறது! தண்டத்திற்கு அஞ்சும் வழக்கம் தண்டம் இல்லாத நாளில் நிற்பதில்லை.

இனி, நம் அறக்கட்டளையின் செயற்குழு முன் உள்ள ஒரு யோசனைக்கு வருகிறேன். அடுத்த மகாவீர ஜெயந்தியில், ஆண்டு முழுதும் மிகக் குறைந்த யூனிட் செலவழித்த குடும்பத்திற்கு வெள்ளிக் குத்துவிளக்குப் பரிசளிக்கலாம் என்பது யோசனை. குடும்பங்களின் யூனிட் கணக்கை மலரில் பட்டியலாக அச்சிடலாம் என்றும் சிலர் கூறுகின்றனர். நல்லெண்ணத்தில் எழுந்த யோசனைதான். எனினும் இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஏன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அயலாரோடு ஒப்பிட்டுக் காட்டினால் செலவு குறையும் என்பது மெய். அமெரிக்காவில் ஓப்பவர் என்னும் நிறுவனம் அண்டை வீடுகளின் அளவை அச்சிட்ட மடல்களை அனுப்பிற்று. ஏறத்தாழ ஆறு லட்சம் வீடுகளின் கணக்கை ஆராய்ந்த ஹண்ட் ஆல்காட் சராசரியாக 2 விழுக்காடு குறைந்ததை 2011-இல் வெளியிட்டார். ஆனால் 2007-இல் வெளியான மற்றோர் ஆய்வைக் கேளுங்கள். கலிபோர்னியாவின் சான் மார்க்கோஸ் நகரில் 290 வீடுகள். சராசரிக்கு மேல் செலவழித்தோர் குறைத்தனர். சராசரிக்குக் கீழே இருந்தோரோ, 'நாம் இவ்வளவு சிக்கனமாக இருக்கத் தேவையில்லை போலும்' என்று கருதினாற்போல் கூட்டிவிட்டனர். சிக்கனமானவர்களின் மடலில் ஒரு சிரித்த முகத்தை வரைந்து அனுப்பியபோது அந்தக் கேடு நின்றது. பட்டியல் அச்சிட்டால் நம் சிக்கனக் குடும்பங்களையே நாம் கெடுக்கக்கூடும்.

பரிசைப் பற்றி நம் நாட்டு ஆய்வே இருக்கிறது. அனந்த் சுதர்சன் இந்திய நகரக் குடியிருப்புகளில் செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அயலாரோடு ஒப்பிடும் அறிக்கை பெற்ற வீடுகள் கோடையில் 7 விழுக்காடு குறைத்தன. அதே அறிக்கையோடு குறைப்பிற்குப் பணமும் தருவதாகச் சொன்னபோது அந்தப் பயன் மறைந்தது. கடமை என எண்ணிச் செய்ததை விலை பேசியவுடன், விலை போதாது என மனம் கணக்கிடுகிறது போலும்.

இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. இப்பகுதியில் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். கருங்கல் மலையும் செம்மண்ணும் இரவிலும் வெப்பத்தை விடுவதில்லை. எண்பது வயது மூதாட்டி, 'குடும்பத்தின் பெயர் மலரில் வரவேண்டும்' என்று மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படுத்தால், அந்தக் குத்துவிளக்கு நமக்கு எதற்கு? மீட்டர் எண் கூடினால், 'சமையலறையில் என்ன செய்கிறாய்?' என்ற கேள்வி மருமகள் மேல்தான் விழும். முன்னறையில் நாள்முழுதும் ஓடும் தொலைக்காட்சியை யாரும் கேட்கமாட்டார். மிக்சியும் கிரைண்டரும் சில நிமிடங்களே ஓடுபவை. யூனிட்டை விழுங்குபவை நீண்ட நேரம் ஓடுபவைதாம். சாதாரண மின்விசிறி ஏறத்தாழ 75 வாட்; நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் அறுபது நாளில் 45 யூனிட். 30 வாட் அளவில் ஓடும் புதுவகை விசிறியானால் 18 போதும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் எடுக்கும். மேல்தொட்டி நாள்தோறும் அரைமணி நேரம் வழிந்தால் இரு மாதத்தில் 30 யூனிட்டும் ஆழ்துளைக் கிணற்று நீரும் வீண். மூதாட்டியின் விசிறியைத் தொடாமலே குறைக்க இடம் நிறைய இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் வேறு. வீட்டுக்கு ஒரு சிறு குறிப்பேடு. ஞாயிறுதோறும் காலையில் வீட்டுப் பிள்ளை ஒருவர் மீட்டர் எண்ணை எழுதட்டும். ஒப்பீடு அயல் வீட்டோடு வேண்டா. வெள்ளை அட்டையில் உள்ள, நம் வீட்டின் சென்ற ஆண்டு இதே மாதத்தோடு போதும். குறிப்பேட்டை அறக்கட்டளை கேட்டு வாங்காது, அச்சிடவும் செய்யாது.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு விளையாட்டு. மீட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு யூனிட்டிற்கு எத்தனை மினுக்கு என்பது அதன் முகப்பிலேயே பொறித்திருக்கும். 3200 என்று இருந்தால், நிமிடத்திற்கு ஒரு மினுக்கு என்பது ஏறத்தாழ 19 வாட். வீட்டில் யாவற்றையும் நிறுத்தி, ஒரே ஒரு மின்விசிறியை மட்டும் ஓடவிட்டு எண்ணுங்கள்: நிமிடத்திற்கு நான்கு மினுக்கு வரும். பிறகு மோட்டாரைப் போட்டு எண்ணுங்கள், ஐம்பதைத் தாண்டும். எல்லாம் நிறுத்திய பின்னும் மினுக்கினால், எது ஓடுகிறதென்று தேடுங்கள். செட்டாப் பெட்டியாக இருக்கலாம், மறந்துபோன சார்ஜராக இருக்கலாம். ஆனால் இதற்காகக் குளிர்பதனப் பெட்டியை நெடுநேரம் நிறுத்தி அம்மாவிடம் திட்டு வாங்காதீர்கள்.

குறிப்பேடுகள் வாயிலருகே மேசைமேல் இருக்கின்றன. விரும்பும் குடும்பங்கள் எடுத்துச் செல்லலாம். பரிசு பற்றிய முடிவைச் செயற்குழு அடுத்த கூட்டத்தில் எடுக்கும். மாற்றுக் கருத்துடையோர் அதற்குள் எழுதித் தாருங்கள். சித்தன்னவாசல் செல்லும் வண்டிகள் மூன்று மணிக்குப் புறப்படுகின்றன.