சானகி அம்மையாரும் தோட்டத்து மறத்தியரும்



புறநானூற்று மறக்குடி மகளிரைப் போற்றாத தமிழ்மேடை இல்லை. ஆயின் அம்மறத்தை 1943-இல் தோளில் துப்பாக்கி ஏந்திக் காட்டிய மலாயாத் தமிழ்ப் பெண்டிரை நினைந்த மேடைகள் எத்துணை? அவருள் ஒருவர் சானகி தேவர். பின்னாளில் சானகி ஆதி நாகப்பன் என வழங்கப்பெற்றவர்.

1925-இல் கோலாலம்பூரில் செல்வக் குடியிற் பிறந்தார். 1943 சூலையில் நேதாசி சுபாசு சந்திரபோசு அந்நகரில் ஆற்றிய உரையைக் கேட்ட அப்பதினெட்டு அகவை நங்கை, தம் காதணிகளைக் கழற்றி விடுதலை நிதிக்கு ஈந்தார். படையிற் சேரவும் துணிந்தார். தந்தையார் இசைந்திலர். படைத்தலைவி மருத்துவர் இலக்குமி நேரில் வந்து எடுத்துரைத்த பின்னரே உடன்பட்டார்.

அக்டோபர் 22-இல் சிங்கப்பூரில் சான்சி அரசி படையணியின் பாசறை திறக்கப்பெற்றது. அங்கு அணிவகுத்தோருட் பலர் யார்? சானகியைப் போலச் செல்வர் மகளிர் அல்லர். இரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலை பால்மரம் சீவிய ஏழைத் தமிழச்சியர்! அதே திங்களில்தான் சயாம்–பர்மா இருப்புப்பாதையும் இணைந்தது. அதனை அமைக்கச் சப்பானியர் இழுத்துச் சென்ற தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கக்கல் கழிச்சலாலும் பட்டினியாலும் மாண்டனர். தம் ஆடவரை மாய்த்தவனின் துணையோடு இயங்கிய படையிலேயே அம்மகளிர் படைக்கலம் ஏந்தினர்! இம்முரணை மறைத்துவிட்டு அப்படையைப் புகழ்தல் வரலாறு ஆகாது. மற்றொன்றும் உண்டு. படைக்கட்டளைகள் இந்துத்தானியில் அமைந்தன. அம்மொழியை உரோமன் எழுத்தில் பயின்றே தமிழ்ப்பெண்கள் அணிநடை கற்றனர். தாய்மொழியிற் கட்டளை கேட்கும் பேறுகூட அவர்க்கு வாய்க்கவில்லை.

1944-இல் படையணி பர்மா சென்றது. இம்பால் போர் தோல்வியுற்றமையால் முன்னணிப் போர் அவர்க்குக் கிட்டவில்லை. மேமியோவில் புண்பட்டோர்க்குப் பண்டுவம் பார்த்தனர்.

1945 ஏப்பிரல் இறுதியில் இரங்கூனைக் கைவிட நேர்ந்தது. படைமகளிரை விட்டுச்செல்ல ஒருப்படாத நேதாசி அவர்களோடு புறப்பட்டார். பகலெல்லாம் வானூர்திகளுக்குத் தப்ப மரச்செறிவிற் பதுங்கல். இரவெல்லாம் சேற்றிலும் ஆற்றிலும் நடை. கொப்புளங்காலோடு, முதுகிற் சுமையோடு, ஏறத்தாழ மூன்று கிழமையில் பாங்காக்கு அடைந்தனர். அவ்வழியில் தோழியரை நடத்திச் சென்றவர் இருபது அகவைச் சானகி. தொடர்வண்டியில் மீண்ட மற்றொரு பிரிவோ தாக்குதலுக்கு ஆளாயிற்று. இசுடெல்லா, சோசபின் என்னும் மறமகளிர் இருவர் அதில் உயிர் நீத்தனர்.

போர் முடிந்தபின் சானகி அம்மையார் வாளா இருந்தாரல்லர். 1946-இல் மலாயா இந்தியர் பேராயத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். பின்னர் மலேசிய மேலவை உறுப்பினருமானார். 2000-இல் இந்திய அரசு தாமரைத்திரு விருது வழங்கிற்று. 2014 மே 9-இல் தம் 89-ஆம் அகவையில் மறைந்தார். உடன் நடந்த தோட்டத்து மறத்தியருட் பலர், போர் முடிந்ததும் சீருடை களைந்து, பழைய பால்வாளியையே மீண்டும் கையில் எடுத்தனர்.