எழுதிக் கொடுங்க!

நடுவர் அவர்களே! வாடிக்கையாளர் ஏமாளிதான்னு எதிரணி நண்பர் அடிச்சுச் சொல்லிட்டுப் போனார். ஏமாளி இல்லீங்க, எழுதி வாங்கத் தெரியாதவன், அவ்வளவுதான்!

நான் நாயுடுபுரத்துக்காரன். மதுரையில் கார் வாங்கினேன். பதினோராவது மாசம் கியர்பாக்ஸ் போச்சு. வாரண்டின்னு போய் நின்னா, "சார், மலையில ஓட்டியிருக்கீங்க, செல்லாது"ன்னாங்க. ஐயா, கொடைக்கானல்காரன் மலையில ஓட்டாம ஏரியிலயா ஓட்டுவான்? (கைதட்டல்) விற்கும்போது என் விலாசத்தை எழுதினீங்களே, அப்போ தெரியலையா?

"சரி, அதையே எழுதிக் கொடுங்க"ன்னேன். மாட்டேன்னுட்டாங்க! காரணம் கேட்டு நானே தபால் போட்டேன். நகலும் ரசீதும் பத்திரம்.

1986 சட்டத்தில், வாங்கினவன் குடியிருக்கிற ஊர்ங்கிறதுக்காக மட்டும் அங்கே வழக்குப் போட முடியாது. 2020 ஜூலையில் அமலான புதுச் சட்டம் அதை மாத்திடுச்சு. எனக்குத் திண்டுக்கல் நுகர்வோர் ஆணையமே போதும். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் கட்டாயமில்லை. "உனக்கு இன்ஜின் தெரியுமா?"ம்பாங்க. காற்றுப்பை விரியாத ஹூண்டாய் கார் வழக்கில், வாங்கினவன் இயற்பியல் நிபுணனா இருக்க வேண்டியதில்லைங்கிற கருத்தை உச்ச நீதிமன்றமே 2022-ல் சொல்லியிருக்கு!

மனு எழுதி, நகலை அவங்களுக்கு அனுப்பினேன். மறுவாரமே போன்: "சார், வண்டியைக் கொண்டு வாங்க, பார்த்துக்கலாம்."

"மலையிலதான் இறங்கி வரணும், பரவாயில்லையா?"ன்னு கேட்டேன். (சிரிப்பு, கைதட்டல்)