கல்வெட்டைப் படிக்காமல் திரும்ப வேண்டாம்

(சுற்றுலா சென்று வந்த மாணவர்கள், பெற்றோர்கள் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





பூமியில் பயணம் செய்து, நமக்கு முன் வாழ்ந்தவர்களின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு அல்லாஹ் தன் திருமறையில் பல இடங்களில் அழைக்கிறான். அந்த நிய்யத்தோடுதான் விடுமுறையில் நம் பிள்ளைகளைக் கீழக்கரைக்கும் மதுரைக்கும் அழைத்துச் சென்றோம். அல்ஹம்துலில்லாஹ், எல்லோரும் நலமாகத் திரும்பினோம்.

கீழக்கரையில் பழைய ஜும்ஆப் பள்ளிக்குள் நுழைந்ததும் ஒரு சிறுவன், "இது கோயில் மண்டபம் மாதிரி இருக்கே, மாமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அந்தக் கல் தூண்களைச் செதுக்கியது இந்த மண்ணின் கைத்திறன். பூவும் கொடியும் உண்டு. மனித உருவம் இல்லை. மார்க்கத்தின் எல்லையும் காக்கப்பட்டது, ஊரின் கலையும் மதிக்கப்பட்டது. அந்தப் பள்ளியோடு சேர்த்துப் பேசப்படும் வள்ளல் சீதக்காதி 17-ஆம் நூற்றாண்டு வணிகர். ஷெய்கு அப்துல் காதிர் என்பது இயற்பெயர். சீறாப்புராணம் தந்த உமறுப் புலவரை ஆதரித்தவர் அவர். பாடப்புத்தகத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த பெயர், அன்று பிள்ளைகளுக்குச் சொந்தக்காரரின் பெயரானது.

மதுரையில் வைகையின் வடகரையில் உள்ள கோரிப்பாளையம் தர்காவுக்குச் சென்றோம். அங்குள்ள கல்வெட்டின் செய்தியைக் கவனியுங்கள். கூன் பாண்டியர் விட்ட ஆறு கிராமங்கள் பற்றிப் பிற்காலத்தில் வழக்கு எழுந்தது. 1573-இல் வீரப்ப நாயக்கர் அதை விசாரித்து, பழைய கொடை செல்லும் என்று உறுதி செய்தார். கொடுத்தவரும் முஸ்லிம் அல்ல, தீர்த்து வைத்தவரும் முஸ்லிம் அல்ல. இந்த நீதியை இன்று நாம் அறிவதற்குக் காரணம், அதைக் கல்லில் எழுதி வைத்ததுதான்.

இங்கே எங்கள் தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியைப் புதுப்பித்தபோது, ஹவுல் ஓரத்தில் எழுத்துள்ள பழைய கல் ஒன்று கிடந்தது. வேலை அவசரத்தில் அதைப் படிக்கட்டுக்குப் போட்டு சிமெண்ட் பூசிவிட்டோம். ஒரு புகைப்படம்கூட எடுக்கவில்லை. இன்று பள்ளிக்குரிய ஒரு தோப்பின் எல்லை பற்றிக் கேள்வி வந்திருக்கிறது. வக்ஃபு செய்தவர் யார், எவ்வளவு என்று காட்டப் பழைய ஆவணம் தேடி அலைகிறோம். அந்தக் கல்லில் என்ன இருந்தது என்று சொல்ல யாருமில்லை. மஹல்லாவின் அமானிதத்தில் நாங்கள் காட்டிய அலட்சியம் இது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். இனி எந்தப் பள்ளியிலோ தர்காவிலோ சுண்ணாம்பு அடிக்கும் முன், எழுத்துள்ள கல்லைப் புகைப்படம் எடுத்து, படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அடுத்து, உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டனார் காலத்துப் பத்திரம், ரசீது, கணக்கு நோட்டு இருந்தால் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். படி எடுத்துக்கொண்டு அசலை அன்றே திருப்பித் தருவோம்.

பிள்ளைகளே, அடுத்த பயணத்தில் செல்ஃபி எடுங்கள், தடையில்லை. ஆனால் பின்னால் நிற்கும் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

முன்னோர் விட்டுச் சென்ற தர்மத்தைக் காக்கும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.