பழைய கார் வாங்கப் போகிறீர்களா?



பொன்முடி ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். இங்கே ஓட்டப் பழைய கார் வாங்குகிறவர் பிரேக்கைத்தான் முதலில் பார்ப்பார். சரிதான். விற்கும் கம்பெனியையும் பார்க்க வேண்டாமா?

"ஜப்பானிலிருந்து பழைய கார் மலிவாக வரவழைத்துத் தருகிறோம்" என்று ஒரு கம்பெனி முன்பணம் கேட்கலாம். நம் நாட்டு விதிப்படி, அந்தக் கார் செய்து 3 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். சுங்க வரியோ மிக அதிகம். மலிவு எங்கே இருக்கிறது?

உள்ளூரில் பழைய கார் விற்கும் கம்பெனிக்கு 2023 ஏப்ரல் முதல் போக்குவரத்து அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று வேண்டும். அது 5 ஆண்டுகள் செல்லும். அதைக் கேட்டு வாங்கி, தேதியைப் படியுங்கள். ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருந்தால், கடன் கொடுத்தவரின் தடையின்மைச் சான்றைக் கேளுங்கள். இஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டையும் காரோடு ஒத்துப் பாருங்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கார் கைமாறியது, ஆர்.சி.யில் பெயர் மாறவில்லை. அதற்குள் விபத்து. இழப்பீடு யார் தலையில்? ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் தலையில்தான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.