இருவகை ஊசிகள்

முகத்தில் விழும் சுருக்கங்கள் யாவும் ஓரினத்தன அல்ல. சினக்கும்போது இரு புருவங்களுக்கும் இடையே எழும் கோடுகளும், சிரிக்கையில் கண்ணோரத்தில் விரியும் ரேகைகளும் தசைகளின் ஓயாத அசைவினால் விளைபவை. மூக்கோரத்திலிருந்து வாய்க்கடை நோக்கி இறங்கும் மடிப்பும், கன்னத்துப் பள்ளமும் பெரும்பாலும் வேறு காரணத்தால் வருவன. தோலின் கீழே தாங்கிநின்ற பொருள்கள் வயதோடு குறைந்துபோவதே அக்காரணம். இவ்வேறுபாட்டை அறியாதார், அழகுச் சிகிச்சைக்கென இக்காலத்தில் ஏற்றப்படும் இருவகை ஊசிகளையும் ஒன்றெனவே எண்ணிவிடுகின்றனர்.

முதல் வகை தசையைத் தளர்த்துவது. பொட்டொக்ஸ் என்ற வணிகப் பெயரால் பலரும் அறிந்தது. இதன் வரலாறு விந்தையானது. கெட்டுப்போன சொசேஜ் இறைச்சியை உண்டு, தசைகள் செயலிழந்து மாண்டோரைப்பற்றி ஜேர்மனிய வைத்தியரும் கவிஞருமான யுஸ்டினுஸ் கேர்னர் 1820ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து எழுதினார். 1895இல் பெல்ஜியத்துச் சிற்றூர் ஒன்றில், மரணச் சடங்கிற்குப் பின் பன்றியிறைச்சி உண்டோர் நோயுற்றபோது, வான் எர்மெங்கெம் என்பார் அந்நஞ்சை உண்டாக்கும் கிருமியைக் கண்டறிந்தார். அந்நஞ்சே மிக நுண்ணிய அளவில் மருந்தாயிற்று. சான்பிரான்சிஸ்கோ கண் வைத்தியர் அலன் ஸ்கொட் அதனை மாறுகண் திருத்தப் பயன்படுத்தினார். 1989இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. இதற்கிடையே, 1987இல், கனடாவின் வான்கூவர் நகரில் ஜீன் கருதேர்ஸ் என்னும் கண் வைத்தியரிடம் இமைத்துடிப்புக்குச் சிகிச்சை பெற்ற பெண்ணொருத்தியின் புருவக் கோடுகளும் மறையக் காணப்பட்டது. அவரும், தோல் வைத்தியரான அவர் கணவரும் செய்த ஆய்வு 1992இல் வெளிவந்தது. நரம்பு நுனியிலிருந்து தசைக்குச் செல்லும் இரசாயனத் தூதை இம்மருந்து தடுத்துவிடுகிறது. மூன்று நான்கு மாதங்களில் அதன் வலிமை தானே நீங்கிவிடும்.

இரண்டாம் வகை பள்ளத்தை நிரப்புவது. 1899இல் வியன்னாவின் கெர்சுனி மென்பரபினை ஏற்றிப் பார்த்தார். அம்முறை பரவியபின் பலருக்குக் கட்டிகளும் உருக்குலைவுமே மிஞ்சின. இன்று பெரிதும் வழங்குவது ஹயலுரோனிக் அமிலம். 1934இல் மாட்டுக்கண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இப்பொருள் மனிதத் தோலிலும் உண்டு. நீரைப் பற்றிக்கொண்டு இடத்தைப் பருக்கச் செய்யும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு மேலும் நிற்கும்.

நஞ்சென்றதும் அஞ்சுவோர், உடலுக்குச் சொந்தமான பொருளென்றதும் அச்சம் தெளிகின்றனர். உண்மையோ ஏறக்குறைய மறுதலையானது. தளர்த்தும் மருந்து சற்றே இடம்மாறினால் இமை தொய்யலாம். சில வாரங்களில் அது சீராகும். போலி மருந்து புகுந்தால் கதையே வேறு. 2024இல் அமெரிக்காவில் அவ்வாறு பலர் வைத்தியசாலை சென்றனர். ஆயின் நிரப்பு மருந்து குருதிக்குழாயினுள் தவறிச் சென்றால், தோல் அழுகலாம். மூக்கு, புருவம் ஆகியவற்றின் அருகேயுள்ள குழாய்கள் கண்ணின் குழாய்களோடு தொடர்புடையவை. அரிதாயினும், பார்வை பறிபோனோர் உளர். போன பார்வை மீள்வது மிகமிக அரிது.

ஹயலுரோனிக் அமிலத்தைக் கரைக்கவல்ல ஹயலுரோனிடேஸ் என்ற நொதியம் உண்டு. அது கைவசம் இல்லாத இடத்தில், வைத்தியரல்லாதார் கையால், நிரப்பு ஊசியை ஏற்பது விபரீதமே. ஊசிக்குப்பின் தோல் வெளிறினாலோ, கடுநோவு எழுந்தாலோ, கண் மங்கினாலோ, விடியட்டும் என்று காத்திராது அக்கணமே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.