குறி சரி... நோக்கம் சரியா?

மனிதனை உயர்த்துவது திறமையா, நோக்கமா? நோக்கமே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

போன வாரம் என் பையன் செல்போனில் விளையாடிக்கிட்டே, "அப்பா, நான் இப்போ ஸ்னைப்பர்!"னான். "அப்படின்னா என்னடா?"ன்னு கேட்டேன். "மறைஞ்சிருந்து ஒரே குண்டுல ஆளைத் தூக்குறவன்!"னு பெருமையாச் சொல்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது!

அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். ஸ்னைப் என்பது ஒரு பறவை! நாம் உள்ளான் என்கிறோமே, அதுதான். சேற்று வயலில் சேற்று நிறத்திலேயே பதுங்கிக் கிடக்கும். கிட்டே போனால் விருட்டென்று கிளம்பி, வளைந்து வளைந்து பறக்கும். அதைச் சுடுவது லேசில்லை! 1770-களில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் இந்த வேட்டையைப் பற்றிக் கடிதங்களில் எழுதினார்கள். அந்த வேட்டையில் பிறந்த சொல் பிறகு போர்க்களத்துக்குப் போனது. பறவை இருந்த இடத்தில் மனிதன் வந்தான்! சொல் மாறவில்லை ஐயா, குறிதான் மாறியது!

எதிரணி நண்பர் அர்ச்சுனனைச் சொன்னார். பறவையின் கண் மட்டுமே தெரிந்ததாம். ஒப்புக்கிறேன். ஆனா அது பொம்மைப் பறவை! குருக்ஷேத்திரத்தில் எதிரே பாட்டனும் ஆசானும் நின்றபோது, அதே அர்ச்சுனன் ஏன் வில்லைக் கீழே போட்டான்? திறமை மறந்து போச்சா? இல்லை. 'எதற்காக?' என்ற கேள்வி வந்தது! விடை கிடைத்த பிறகுதானே காண்டீபத்தை எடுத்தான்! (கைதட்டல்)

1939-ல் சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தது. சிமோ ஹெய்ஹா என்ற விவசாயி துப்பாக்கி எடுத்தார். அவர் குறிக்கு விழுந்தவர்கள் ஐந்நூறுக்கும் மேல் என்பார்கள். அவர் நாடு அவரைப் போற்றுவது அந்த எண்ணிக்கைக்காகவா? சொந்த மண்ணைக் காத்ததற்காக! போர் முடிந்ததும் அவர் விவசாயத்துக்கே திரும்பினார்.

2008, பெய்ஜிங். நம்ம அபினவ் பிந்த்ரா! பத்து மீட்டர் தூரத்தில், அரை மில்லிமீட்டர் நடுப்புள்ளியைக் குறிபார்த்து, இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்தார். அதே கண், அதே நிதானம். ஓர் உயிரும் போகவில்லை! (பலத்த கைதட்டல்)

என் பையனிடம் சொன்னேன்: "நல்லாச் சுடுறியான்னு அப்புறம் பார்க்கலாம்டா. முதல்ல, துப்பாக்கி முனையில யார் நிக்கிறாங்கன்னு பாரு!"

கை சொல்வது திறமை. மனசு சொல்வது நோக்கம். மனசு சொல்லாமல் கை நீண்டால் ஆபத்து!