சராசரியா, தரவரிசையா?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாய்வில் ஒரு பிரிவுக்குப் புதிய முறையிலும் மற்றொரு பிரிவுக்குப் பழைய முறையிலும் பாடம் நடத்துகிறோம். பிறகு தேர்வு வைத்து, சராசரி கண்டு, டி சோதனை செய்கிறோம். அந்தச் சோதனை எல்லா மதிப்பெண்களுக்கும் பொருந்துமா?

ஒரு கணக்கைப் பார்ப்போம். மதிப்பெண்கள் 50க்கு. பழைய முறையில் படித்த ஐவர் பெற்றவை 10, 11, 12, 13, 14. புதிய முறையில் படித்த ஐவர் பெற்றவை 15, 16, 17, 18, 49. சராசரிகள் 12, 23. ஆனால் டி மதிப்பு 1.68தான். 5 சதவீத நிலையில் அட்டவணை மதிப்பு 2.306. எனவே, ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று எழுதிவிடுவோம்.

எண்களை மீண்டும் பாருங்கள். புதிய முறையில் கடைசியாக வந்த மாணவர்கூட, பழைய முறையில் முதலில் வந்தவரைவிட அதிகம் பெற்றிருக்கிறார். 49 என்ற ஒற்றை மதிப்பெண் திட்டவிலக்கத்தைப் பெரிதாக்கி, மற்ற நால்வரின் உயர்வை மறைத்துவிட்டது.

‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் காசெட் 1908இல் வெளியிட்ட டி சோதனை, மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலில் இருப்பதாகக் கொள்கிறது. இது பண்பளவை சார்ந்த சோதனை. வில்காக்சன் 1945இலும், மான், விட்னி இருவரும் 1947இலும் தந்த பண்பளவை சாராத சோதனைக்கு அது தேவையில்லை. பத்து மதிப்பெண்களையும் ஏறுவரிசையில் வைத்து 1 முதல் 10 வரை தரம் கொடுக்கிறோம். 49 பெறுவது பத்தாம் தரம், அவ்வளவே. பத்துத் தரங்களை ஐந்தைந்தாகப் பிரிக்க 252 வழிகள் உண்டு. இப்படி முழுவதும் பிரிந்து நிற்பவை அவற்றில் இரண்டே. முறைகளுக்குள் வேறுபாடே இல்லையென்றால், இது தற்செயலாக நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ 0.008. ஆகவே வேறுபாடு குறிப்பிடத்தக்கது.

அதற்காக டி சோதனையை ஒதுக்கிவிட வேண்டாம். மதிப்பெண்கள் மணி வடிவில் பரவியிருந்தால் அதுவே சற்றுக் கூர்மையானது. குழு சிறிதாக இருந்து ஓரிரு மதிப்பெண்கள் வெகுதூரம் விலகி நின்றாலோ, ‘நன்று, மிக நன்று’ போன்ற நிலைகளாக மதிப்பிட்டிருந்தாலோ தரவரிசைச் சோதனையே பொருந்தும். ஒரே மாணவர்களின் முன்தேர்வையும் பின்தேர்வையும் ஒப்பிட்டால் இணைகளுக்கான சோதனை வேண்டும்.

எந்தச் சோதனை என்பதைத் தேர்வு நடத்தும் முன்பே திட்டத்தில் எழுதிவிடுங்கள். இரண்டையும் செய்து பார்த்து, பிடித்த விடையை எடுத்துக்கொள்வது ஆய்வாகாது. பொருந்தாத சோதனையால் பயனுள்ள ஒரு கற்பித்தல் முறை கைவிடப்பட்டால், இழப்பு நம் மாணவர்களுக்கே.